வெள்ளிக் கரண்டியும் வெறும் பானையும்

பட்டினி குடியேறிய ஒரு நெசவாளர் குடிசை. கிழவர் ஒருவர், கண்ணிழந்த அவர் மனைவி, மகன், மருமகள், பேத்தி. ஓயாமல் தறி ஓடுகிறது. ஆயினும் ஒருவருக்கும் வயிறு நிறைவதில்லை. முதலாளியின் மாளிகை சூறையாடப்பட்ட மறுநாள் காலையில், அந்தச் சிறு பெண் ஒரு வெள்ளிக் கரண்டியைக் கண்டெடுத்துக் கொண்டு வருகிறாள். அதை விற்றால் பல வாரங்களுக்கு அடுப்பு எரியும், பிள்ளைகள் உண்பர். ஆனால் கிழவர் பதறுகிறார். அது நம்முடையதன்று, உடனே உரியவரிடம் சேர்ப்பிக்க வேண்டும், நம்மைத் திருடராக்கிவிடாதே என்கிறார். மருமகளோ சீறுகிறாள். பசியால் பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தவள் அவள். அவளுக்குக் கரண்டி தெரியவில்லை, கஞ்சி தெரிகிறது.

அறம் எவர் பக்கம்? கிழவர் பக்கமா, மருமகள் பக்கமா?

இந்தக் கேள்வியை எழுப்புவது ஜெர்மன் நாட்டு நாடகம் ஒன்று. பெயர், ‘நெசவாளர்கள்’. எழுதியவர் கெர்ஹார்ட் ஹாப்ட்மன். 1892இல் வெளிவந்த நாடகம் அது. காஞ்சிபுரத்துத் தறிச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் அந்நாடகத்தைப் படித்தால், கடல் கடந்த நாட்டின் கதையைப் படிப்பதாகத் தோன்றாது. பிள்ளையார்பாளையத்துத் தெரு ஒன்றிலே நடந்து செல்வது போலவே தோன்றும். ஆகவே அதனைப் பாராட்டுவது நம் கடமை. பாராட்டுவதோடு நில்லாமல், அது நம்மைக் கேட்கும் கேள்விக்கு விடை தேடுவது அதனினும் பெரிய கடமை.

ஹாப்ட்மன் பிறந்தது 1862இல், சிலேசியா என்னும் பகுதியில். அவருடைய பாட்டனார் ஏழை நெசவாளர். பாட்டன் பட்ட பாட்டைத் தந்தை சொல்ல, மகன் கேட்டான், கேட்டது நெஞ்சில் தைத்தது, தைத்தது நாடகமாயிற்று. தந்தைக்கே அதனைக் காணிக்கையாக்கினார். கற்பனையை நூற்று நெய்த கதையன்று அது. 1844ஆம் ஆண்டு ஜூன் திங்களில், சிலேசியாவின் பீட்டர்ஸ்வால்டாவ், லாங்கன்பீலாவ் என்னும் ஊர்களில் நெசவாளர்கள் உண்மையிலேயே கிளர்ந்தெழுந்தனர். படையினர் சுட்டனர், 11 பேர் மாண்டனர். அந்த ஊர்கள் இன்று போலந்து நாட்டிலே உள்ளன. நாட்டின் எல்லை மாறிவிட்டது. நெசவாளர் மாண்ட செய்தி மாறவில்லை.

ஆளுவோருக்கு இந்த நாடகம் பிடிக்குமா? பெர்லின் காவல்துறை 1892இலேயே பொதுமேடையில் நடிக்கத் தடை விதித்தது. 1893 பிப்ரவரியில், நாடகக் கழகம் ஒன்று தன் உறுப்பினர்களுக்கு மட்டும் அதனை நடித்துக் காட்டியது. வழக்கு நடந்தது. தடை நீங்கியது. ஏன் நீங்கியது தெரியுமா? அந்த அரங்கிலே சீட்டு விலை அதிகம். ஆகவே தொழிலாளர் பெருந்தொகையாக வரமாட்டார்கள். கலகம் மூளாது என்று நீதிமன்றம் கருதிற்று! ஏழையின் கண்ணீரைப் பணக்காரன் பார்க்கலாம், ஏழை பார்க்கக் கூடாது என்பது அந்நாளைய நீதி. 1894இல் நாடகம் பொதுமேடை ஏறியதும், மாமன்னர் இரண்டாம் வில்லியம் அந்த அரங்கில் தமக்கென்று ஒதுக்கியிருந்த இடத்தையே வேண்டாமென்று விட்டுவிட்டார். 1912இல் அதே ஹாப்ட்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. காலம் தரும் தீர்ப்பு காவலர் தரும் தீர்ப்பினும் பெரிது.

இதனைப் படிக்கும்போது, 1954இல் நம் சென்னை மாநிலத்திலும் நாடகங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் பிறந்ததும், நடிகவேள் எம்.ஆர்.இராதாவின் மேடையைச் சுற்றிக் காவலர் நின்றதும் நினைவிற்கு வராமற் போகா. மேடையிலே உண்மை ஏறினால், அரியணையிலே அச்சம் ஏறுகிறது. பெர்லினானாலும் சென்னையானாலும் இதுவே வழக்கம்.

ஹாப்ட்மனின் நாடகத்தை இயற்கை நெறி நாடகம் என்பர். உள்ளதை உள்ளபடி காட்டும் நெறி அது. அங்கே வானுலகத்தவர் வந்து வரம் தருவதில்லை. இறுதிக் காட்சியில் அசரீரி ஒலிப்பதில்லை. அழகிய கதாநாயகன் ஒருவன் ஆயிரம் பேரை அடித்து வீழ்த்துவதில்லை. உண்மையைச் சொன்னால், அந்நாடகத்திற்குக் கதாநாயகனே கிடையாது. நெசவாளர் கூட்டமே நாயகன், பசியே பகைவன். அவர்கள் பேசுவதும் புலவர் மொழியன்று. சிலேசிய மக்களின் வழக்கு மொழி. முதலில் அந்த வழக்கு மொழியிலேயே முழு நாடகத்தையும் எழுதினார் ஆசிரியர். தன் நாக்கிலே இருக்கும் மொழியில்தான் ஏழை அழுவான் என்பதை அறிந்தவர் அவர்.

முதற்காட்சியைப் பாருங்கள். நெய்த துணியை நெசவாளர்கள் முதலாளியின் கிடங்கிற்குக் கொண்டு வருகின்றனர். கணக்கன் எடை போடுகிறான், குறை கூறுகிறான், கூலியைக் குறைக்கிறான். அந்தக் கணக்கனே ஒரு காலத்தில் தறியில் உட்கார்ந்தவன்தான்! ஏணியில் ஏறியவன் முதலில் உதைப்பது அடுத்த படியில் நிற்பவனையே என்பதை ஆசிரியர் ஒரு சொல்லும் உபதேசிக்காமல் காட்டிவிடுகிறார். துணி கொண்டு வந்த சிறுவன் ஒருவன் பசியால் மயங்கி விழுகிறான். முதலாளி டிரைசிகர் வருகிறார். பதறுகிறார், ஆனால் பழியைப் பெற்றோர் மீது போடுகிறார். இத்தகைய பிள்ளையை இவ்வளவு தொலைவு அனுப்பலாமா, இரக்கமற்ற பெற்றோர் என்கிறார். பிறகு, தம் பெருந்தன்மையைக் காட்ட, இன்னும் 200 நெசவாளர்களுக்கு வேலை தருவதாக அறிவிக்கிறார். கூலி? முன்பு இருந்ததைவிடக் குறைவு! பட்டினியைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, அதற்குப் பரோபகாரம் என்று பெயரிடுகிறார்.

டிரைசிகர் கொடியவராகப் படைக்கப்படவில்லை. அவர் கோரைப்பல் காட்டும் அரக்கர் அல்லர். தாம் நல்லவரென்று உளமாற நம்பும் மனிதர். ஒரு தனி மனிதன் கெட்டவனென்றால், அவனை மாற்றிவிட்டால் போதும். நல்லவனென்று தன்னைக் கருதிக்கொண்டிருப்பவனும் கூலியைக் குறைக்கிறான் என்றால், மாற வேண்டியது மனிதன் மட்டுமன்று, முறை. நாடகத்தின் இந்த நேர்மையை நாம் மிகவும் போற்றுகிறோம்.

இரண்டாம் காட்சியில், பாமெர்ட் என்னும் கிழவர் தம் வீட்டை நாடி வந்த நாய்க்குட்டி ஒன்றைக் கொன்று சமைக்கச் செய்கிறார். நெடுநாளாக இறைச்சியைக் கண்டறியாத குடும்பம். ஆவலோடு உண்கிறார் கிழவர். ஆனால் அவருடைய வயிறு அதனை ஏற்க மறுக்கிறது. உண்டதை வெளியே தள்ளிவிடுகிறது. உணவு கிடைத்தும் உண்ண முடியாத அளவிற்கு உடலையே ஏழையாக்கிவிட்டது வறுமை!

இதைக் கண்டு முகம் சுளிக்கும் ஆசார சீலர்கள் நம் நாட்டில் உண்டு. அவர்களுக்கு ஒன்று நினைவூட்டுவோம். பசியின் கொடுமையால் நாயின் இறைச்சியை உண்ணத் துணிந்தவர் விசுவாமித்திர முனிவர். அந்தக் கதையை மணிமேகலை கூறுகிறது. மனுதரும சாத்திரமோ, பத்தாம் அத்தியாயத்தில், அதனால் அம்முனிவருக்குக் குற்றமில்லை என்றே தீர்ப்பளிக்கிறது. ஆபத்துக் காலத்திற்கு ஆபத்தருமம் என்று தனிச் சட்டமே உண்டாம்! முனிவன் பசித்தால் சாத்திரம் வளைகிறது. நெசவாளி பசித்தால், முன்வினைப் பயன், பொறுத்துக்கொள் என்கிறது. ஒரே பசிக்கு இரண்டு நீதி. பிறப்பைப் பார்த்து வளையும் தராசு எப்படித் தராசாகும்?

இப்போது வெள்ளிக் கரண்டிக்கு வருவோம்.

அந்தக் கிழவரின் பெயர் ஹில்சே. முன்னாள் படைவீரர், ஒரு கை இழந்தவர். ஆழ்ந்த இறைப்பற்று உள்ளவர். இவ்வுலகில் படும் துன்பமெல்லாம் அவ்வுலகில் கிடைக்கவிருக்கும் பேரின்பத்திற்கு முன்பணம் என்று நம்புபவர். ஊரே தெருவிற்கு வந்துவிட்ட பிறகும் அவர் வரமாட்டார். கடவுள் என்னை இங்கே உட்கார வைத்தார், இங்கேயே இருந்து என் கடமையைச் செய்வேன் என்று தறியை விடாமல் ஓட்டுகிறார். மருமகள் லூயிசே தெருவிற்கு ஓடுகிறாள். வழிபாடும் பாசுரமும் என் பிள்ளைகளுக்கு ஒரு வாய் மோர் வாங்கித் தரவில்லையே என்பது அவள் கேள்வி.

பகுத்தறிவாளர் பலர் இங்கே உடனே லூயிசேயின் கட்சியில் சேர்ந்து, கிழவரை எள்ளி நகையாடிவிடுவர். நாம் அவ்வாறு செய்யத் துணியோம். ஹில்சேயின் மறுமை நம்பிக்கை மடமையாகலாம். ஆனால் அவருடைய நேர்மை மடமையன்று. பட்டினி கிடந்தும் பிறர் பொருளைத் தொடாத கை, உலகத்தில் எங்கே இருந்தாலும் வணங்கத்தக்கது. கடவுள் இல்லை என்பதால் களவு நன்று என்று ஆகிவிடாது. நாத்திகம் பேசுகிறவன் நாணயம் தவறுவான் என்று பழிப்போருக்கு, நாமே சான்று தேடித் தருவதா?

வள்ளுவரை நாடுவோம். பெற்ற தாய் பசித்திருக்கக் கண்டாலும், சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யாதே என்கிறார் அவர், வினைத்தூய்மை என்னும் அதிகாரத்தில். கேட்டீர்களா! இது ஹில்சேயின் குரலன்றோ? அதே வள்ளுவர், இரவச்சம் என்னும் அதிகாரத்தில், இரந்துதான் சிலர் உயிர்வாழ வேண்டுமென்றால் இவ்வுலகைப் படைத்தவனே அலைந்து கெடுக என்று சபிக்கிறார். இது லூயிசேயின் குரலன்றோ?

ஒரே புலவர் இரு குரலில் பேசினாரா? முரண்பட்டாரா? இல்லை. எண்ணிப் பார்த்தால் உண்மை விளங்கும். முதற் குறள் ஒருவன் தனக்குத்தானே விதித்துக்கொள்ளும் கட்டளை. என் தாய் பசித்தாலும் நான் இழிசெயல் செய்யேன் என்று ஒருவன் தன் நெஞ்சிற்குச் சொல்லிக்கொள்ளலாம், அது வீரம். இரண்டாவது, உலகத்தை அமைத்தவனை நோக்கிய குற்றச்சாட்டு. இப்படி ஓர் அமைப்பை ஏன் வைத்தாய் என்பது அதன் பொருள். ஒன்று தன்னை நோக்கியது. மற்றது அமைப்பை நோக்கியது.

இந்த இரண்டையும் இடம் மாற்றி வைக்கும்போதுதான் அநீதி பிறக்கிறது. பசிக்காதவன், பசித்தவனைப் பார்த்து, உன் தாய் பசித்தாலும் பழிசெயல் செய்யாதே என்று சொன்னால், அது அறவுரையன்று, வேலி. தன் களஞ்சியத்தைச் சுற்றி அவன் போட்டுக்கொள்ளும் வேலி. நாடகத்தில் பாதிரியார் கிட்டல்ஹௌஸ் செய்வது அதுதான். முதலாளி வீட்டு விருந்தினராக அமர்ந்துகொண்டு, தெருவிலே நிற்பவனுக்குப் பொறுமையைப் போதிக்கிறார். பொறுமை நல்ல பண்பு. ஆனால் அதை எப்போதும் ஒரே பக்கத்துக்கு மட்டும் போதிப்பானேன்? கூலியைக் குறைக்காமல் பொறுத்திரு என்று முதலாளியிடம் எந்தப் பாதிரியார் சொன்னார்? எந்தப் பண்டாரம் சொன்னார்? எந்தச் சாத்திரி சொன்னார்?

நம் ஊருக்கு வருவோம். காஞ்சி, கோபுரங்களின் நகரம். தறிகளின் நகரமும்கூட. கோபுரத்தைப் பார்க்க நாடெங்கிலுமிருந்து வருகிறார்கள். தறிக்குழியை எட்டிப் பார்ப்போர் சிலரே. கோர்வை என்னும் அருமையான வேலைப்பாட்டில், உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் அமைய, மூன்று நாடாக்கள் ஓட வேண்டும்; நெய்பவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து உதவ வேண்டும். அந்த இன்னொருவர் நெடுங்காலம் பெரும்பாலும் சிறுவனாகவோ சிறுமியாகவோ இருந்தனர் என்பதை எத்தனை மணமகள்கள் அறிவர்? மழைக்காலத்தில் குழியில் நீர் ஊறும், பாவு ஈரம் கோக்கும், தறி நிற்கும், வயிறு நிற்குமா? முன்பணம் வாங்க வேண்டும். வாங்கிய முன்பணம் தீரும் வரை அந்த முதலாளிக்கே நெய்ய வேண்டும். பட்டையும் சரிகையையும் எடை போட்டுக் கொடுப்பர். புடவையை எடை போட்டு வாங்குவர். டிரைசிகரின் கிடங்குத் தராசு பெயர் மாற்றிக்கொண்டு நம் ஊரிலும் தொங்கியது.

அந்தத் தராசை ஏமாற்ற முயன்ற ஒரு தகப்பனின் கதையைத் திரையிலே கண்டோம். பிரியதர்சன் இயக்கிய ‘காஞ்சிவரம்’ என்னும் படம் 2007ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. பிரகாஷ் ராஜ் சிறந்த நடிகரானார். மகளை அவள் திருமணத்தன்று பட்டுடுத்தி அனுப்புவேன் என்று வாக்களித்த நெசவாளி வேங்கடம், நாள்தோறும் வாயிலே பட்டு நூலை மறைத்துக் கொண்டு வந்து, இரவிலே நெய்கிறான். தொழிலாளர் போராட்டத்திற்குத் தலைமை தாங்கியவன், அந்தப் புடவை முடிய வேண்டுமே என்பதற்காக, வேலைநிறுத்தத்தைக் கைவிட்டு வேலைக்குத் திரும்பச் சொல்கிறான். பிடிபடுகிறான், சிறை செல்கிறான், புடவை முடியவில்லை.

வெள்ளிக் கரண்டியும் வாயில் மறைத்த நூலும் ஒரே கேள்வியின் இரு வடிவங்கள். இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்வோம். வேங்கடம் நூலைத் திருடியதில் நமக்கு வருத்தமுண்டு. ஆனால் அதனினும் பெரிய வருத்தம், அவன் தோழர்களைக் கைவிட்டதில். திருட்டு அவனைத் தனியனாக்கியது. வாயில் நூலை வைத்திருந்தவன் வாய் திறந்து பேச இயலாதவனானான்! களவு தவறென்று நாம் சொல்வதற்குக் காரணம் முதலாளியின் சொத்து புனிதம் என்பதன்று. அது பசியைத் தனி மனிதனின் இரகசியமாக்கிவிடுகிறது. ஊரின் வழக்காக எழ வேண்டியது, ஒருவனின் குற்றமாக முடிந்துவிடுகிறது.

அப்படியானால் ஆத்திரம் வழியாகுமா? நாடகத்தின் நெசவாளர்கள் மாளிகையை நொறுக்கினர். அடுத்த ஊரின் இயந்திரத் தறிகளை உடைக்கப் புறப்பட்டனர். அவர்களுடைய சினம் நியாயமானது. ஆனால் இயந்திரம் அவர்களுக்குப் பகையன்று, இயந்திரத்தின் பயன் ஒருவர் பையில் மட்டும் விழுந்ததே பகை. ஹாப்ட்மன் இந்தச் சூறையை மறைக்கவுமில்லை, மாலையிட்டு வாழ்த்தவுமில்லை. முடிவிலே, கலகத்தில் கலவாத ஹில்சேதான், தறியில் அமர்ந்தபடியே, வழி தவறி வந்த குண்டிற்கு இரையாகிறார். பொறுத்தவரையும் குண்டு விடவில்லை. ஒதுங்கியிருந்தால் தப்பலாம் என்போருக்கு இதனினும் கொடிய விடை ஏது? வரலாறும் அப்படியே. 1844இல் கூடுதல் படை வந்தது, கிளர்ச்சி அடக்கப்பட்டது.

ஆகவே மூன்றாவது வழி தேவைப்படுகிறது. கிழவரின் நேர்மையும் மருமகளின் சினமும் ஓரிடத்தில் சேரும் வழி. அதற்குச் சங்கம் என்று பெயர். சட்டம் என்று பெயர். கல்வி என்று பெயர். காஞ்சியிலே 1909இல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அறிஞர் அண்ணா அந்த வழியைக் காட்டினார். 1953இல் கைத்தறித் துணி தேங்கி, நெசவாளர் குடும்பங்கள் கஞ்சிக்கும் வழியின்றித் தவித்தபோது, கழகத் தோழர்கள் துணி மூட்டையைத் தோளிலே சுமந்து தெருத்தெருவாக விற்றனர். அது பிச்சையன்று, சூறையுமன்று. உழைப்பின் விலையை ஊரறியக் கேட்ட செயல். கூட்டுறவுச் சங்கங்கள் வளர்ந்தபோது, முன்பணச் சங்கிலியின் கண்ணிகள் சில அறுந்தன. எல்லாம் அறுந்துவிட்டன என்று சொல்லமாட்டோம்.

அதே 1953இல்தான் குலக்கல்வித் திட்டமும் வந்தது. பாதி நாள் பள்ளி. மீதி நாள் தகப்பன் தொழில். நெசவாளி மகனுக்குத் தறிக்குழி! தமிழகம் கொதித்தது, 1954இல் காமராசர் ஆட்சி அதனைக் கைவிட்டது. பழங்கதை என்று எண்ணிவிட வேண்டாம். குழந்தைத் தொழிலாளர் சட்டத்திற்கு 2016இல் செய்யப்பட்ட திருத்தம், பள்ளி நேரம் போக, குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று இடம் தருகிறது. குடும்பத் தொழில் என்ற சொல் இனிமையானது. ஆனால் அதன் பின்னே மறைந்திருப்பது தறியோரம் இரவிலே தூங்கி வழியும் பிள்ளை. முன்வாசல் வழியே விரட்டப்பட்டது பின்வாசல் வழியே எட்டிப் பார்க்கிறது. விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

இன்று காஞ்சிப் பட்டிற்குப் புவிசார் குறியீடு உண்டு. உலகப் புகழ் உண்டு. நெசவாளர் வீட்டு இளைஞர்களோ திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளை நாடிச் செல்கின்றனர். கலை அழிகிறதே என்று கண்ணீர் வடிப்போர் பலர். கலை வாழட்டும், நாமும் விரும்புகிறோம். ஆனால் கலை வாழ்வதற்காக ஒரு வகுப்பாரின் பிள்ளைகள் குழியிலே இருக்க வேண்டும் என்றால், அந்தக் கலைக்கு விலை கொடுப்பவர் யார்? உரிய கூலி கொடுங்கள், விரும்பியவர் நெய்வர். விரும்பியவர் நெய்வதே கலை. வேறு வழியின்றி நெய்வது தண்டனை.

இறுதியாக, நாடகத்தில் பலரும் கவனியாத ஒரு சிறு பாத்திரத்தைக் குறிப்பிடுவோம். வைன்ஹோல்ட் என்னும் இளைஞர். டிரைசிகரின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் ஆசிரியர். நெசவாளர் துயரைப் பற்றி அவர் பரிவோடு ஓரிரு சொல் பேசுகிறார். பாதிரியார் கடிந்துகொள்கிறார், முதலாளி வெளியேற்றிவிடுகிறார். நாடகம் அவரை மறந்துவிட்டு மேலே செல்கிறது. ஆசிரியத் தொழிலில் இருக்கும் நம்மால் அவரை மறக்க இயலவில்லை. திருடாதே என்று கரும்பலகையில் எழுதுகிறோம், எழுதத்தான் வேண்டும். ஆனால் நம் முன்னே அமர்ந்திருக்கும் பிள்ளைகளில், காலையில் உண்ணாமல் வந்தவன் எவன் என்று அறியாமல் அதை எழுதினால், நாமும் பாதிரியார் கிட்டல்ஹௌஸே! திருடாதே என்பதற்குப் பக்கத்திலேயே, திருடப்படாதே என்றும் எழுத வேண்டும். உன் உழைப்பைத் திருடவிடாதே. உன் கல்வியைத் திருடவிடாதே. உன் பசிக்குக் காரணம் உன் முன்வினை என்று சொல்லி உன் அறிவைத் திருடவிடாதே!

கரண்டி உரியவரிடம் சேர வேண்டும் என்றார் ஹில்சே. உண்மை, பெரிய உண்மை. அந்த நீதியைக் கரண்டியோடு நிறுத்திவிடாமல், உழைத்த கூலிக்கும் உண்ணும் சோற்றுக்கும் படிக்கும் பள்ளிக்கும் நீட்டுவதே இளைஞர் நம் பணி. உரியது உரியவரைச் சேரட்டும்!